மூன்று வாரம் தங்கச் சொல்லும் ஊர், மூன்று மணி நேரத்தில் கிளம்பும் பயணி: ஐரோப்பாவின் 'ஸ்பா டவுன்'களில் அப்படி என்ன இருக்கிறது?

செக் குடியரசின் தலைநகர் ப்ராகுக்கு டூர் போகிறவர்களின் பயணத் திட்டத்தில் 'கார்லோவி வாரி - ஒரு நாள்' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். காலையில் பஸ் ஏறினால் இரண்டேகால் மணி நேரம். இறங்கியதும் ஆற்றங்கரையில் ஒரு நடை. தூண்கள் வரிசைகட்டி நிற்கும் மண்டபத்தில் நாலு போட்டோ. ஆவி பறக்கும் குழாயில் ஒரு வாய்த் தண்ணீர், 'அய்யே, உப்பு!' என்று ஒரு முகச்சுளிப்பு. கையில் ஒரு வேஃபர் பாக்கெட். மாலை பஸ்ஸில் ரிட்டர்ன். ரீல்ஸ் ரெடி.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால், இந்த ஊரைக் கட்டியவர்கள் மனதில் வைத்திருந்த விருந்தாளி வேறு ஆள். அவர் வந்தால் குறைந்தது மூன்று வாரம் தங்குவார். அவருக்காகத்தான் அந்த மண்டபம், அந்த நடைபாதை, அந்த ஹோட்டல், அந்த தியேட்டர் எல்லாமே. அவரைத் தெரிந்துகொள்ளாமல் போனால், அழகான கட்டடங்களைப் பார்க்கலாம். ஊரைப் பார்க்க முடியாது.

ஐரோப்பாவின் பழைய 'ஸ்பா டவுன்'கள் எப்படி உருவாயின, இன்று எதை நம்பி நிற்கின்றன, போனால் எப்படிப் பார்க்கலாம்? விரிவாகப் பார்ப்போம்.

'ஸ்பா' என்றால் பார்லர்தானே?

நம் ஊரில் 'ஸ்பா' என்றதும் மசாஜ், ஃபேஷியல், அரோமா கேண்டில் என்றுதான் ஞாபகம் வரும். உண்மையில் அது ஓர் ஊரின் பெயர். பெல்ஜியம் நாட்டின் கிழக்கே மலைக்காட்டு ஓரத்தில் 'ஸ்பா' என்ற சின்ன நகரம் இருக்கிறது. அங்குள்ள இரும்புச் சத்து நிறைந்த குளிர்ந்த ஊற்று நீரைக் குடிக்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். போகப்போக, ஊற்று நீரை வைத்து வைத்தியம் பார்க்கும் எந்த ஊருக்கும் ஆங்கிலத்தில் 'ஸ்பா' என்றே பெயர் வந்துவிட்டது. அது ஒரு லத்தீன் சொற்றொடரின் சுருக்கம் என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் சுற்றும் கதைக்கு ஆதாரம் இல்லை.

2021 ஜூலையில், 'ஐரோப்பாவின் மாபெரும் ஸ்பா நகரங்கள்' என்ற பெயரில் ஏழு நாடுகளைச் சேர்ந்த 11 ஊர்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது:

• செக் குடியரசு: கார்லோவி வாரி, மரியான்ஸ்கே லாஸ்னே, ஃப்ரான்டிஷ்கோவி லாஸ்னே
• ஜெர்மனி: பாடன்-பாடன், பாட் எம்ஸ், பாட் கிஸ்ஸிங்கன்
• ஆஸ்திரியா: வியன்னா அருகிலுள்ள பாடன்
• பெல்ஜியம்: ஸ்பா
• பிரான்ஸ்: விஷி
• இத்தாலி: மான்டெகாடினி டெர்மே
• பிரிட்டன்: பாத்

ஏழு நாடுகளில் சிதறிக் கிடக்கும் ஊர்களை ஏன் ஒரே பெயரில் சேர்த்தார்கள்? சுமார் 1700 முதல் 1930கள் வரை, இந்த ஊர்கள் எல்லாமே ஒரே மாதிரி வளர்ந்தன. நடுவில் ஊற்று, அதைச் சுற்றிக் குளியல் இல்லங்களும் மண்டபங்களும், அடுத்த வட்டத்தில் ஹோட்டல்கள், பூங்கா, தியேட்டர், சூதாட்ட விடுதி, வெளி வட்டத்தில் காட்டுக்குள் போகும் நடைபாதைகள். கோட்டையைச் சுற்றியோ துறைமுகத்தைச் சுற்றியோ வளர்ந்த ஊர்களை நாம் பார்த்திருப்போம். இவை தண்ணீரைச் சுற்றி வளர்ந்த ஊர்கள்.

தரைக்கு அடியில் என்ன நடக்கிறது?

கார்லோவி வாரியையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பெயருக்கு அர்த்தமே 'சார்லஸின் வெந்நீர் ஊற்றுகள்'. 14ஆம் நூற்றாண்டில் பேரரசர் நான்காம் சார்லஸ் மானை வேட்டையாடத் துரத்தியபோது இந்த ஊற்று கண்ணில் பட்டது என்பது ஊர்க்கதை. 1370ல் அவர் இந்த ஊருக்கு நகர உரிமை கொடுத்தார் என்பது ஆவணத்தில் இருப்பது. ஜெர்மன் மொழியில் இந்த ஊரின் பெயர் கார்ல்ஸ்பாட். இரண்டாம் உலகப் போர் முடியும்வரை இங்கே பெரும்பான்மையோர் பேசியதும் ஜெர்மன்தான். போருக்குப் பிறகு அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

மழை நீர் மண்ணுக்குள் இறங்கி, பாறைப் பிளவுகள் வழியே வெகு ஆழத்துக்குப் போகிறது. கீழே போகப்போக பூமியின் சூடு ஏறும். தண்ணீரும் கொதிக்கும் பதத்தை நெருங்குகிறது. போகிற வழியில் பாறையிலிருந்து உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. கரியமில வாயுவும் அதோடு கலக்கிறது. சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் என்ன ஆகும்? அதேதான். வாயு மேலே தள்ள, தண்ணீர் பீறிட்டு வருகிறது.

ஊரின் நடுவே உள்ள முதன்மை ஊற்றின் பெயர் 'விர்ஷீட்லோ'. சுமார் 73 டிகிரி செல்சியஸ் சூட்டில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் தண்ணீர் வருகிறது. 12 மீட்டர் உயரம் வரை, கிட்டத்தட்ட நான்கு மாடி உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும். அருகில் ஓடும் ஆற்றின் பெயர் 'டெப்லா'. அதற்கு அர்த்தம், 'வெதுவெதுப்பானவள்'.

இந்தத் தண்ணீர் குளிர்ந்ததும், கரைந்திருந்த தாதுக்கள் கல்லாகப் படியும். காகித ரோஜாவை இந்தத் தண்ணீர் படும்படி சில நாள் வைத்தால், அது செம்பழுப்பு நிறக் கல் ரோஜாவாக மாறிவிடும். கடைகளில் நினைவுப் பொருளாக விற்பது அதைத்தான். அழகுதான். ஆனால் அதே கல் குழாய்க்குள்ளும் படியும். அதனால் ஊற்றின் பாதையைத் தொடர்ந்து சுத்தம் செய்து, கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். 'இயற்கை ஊற்று' என்றாலும், ஆள் போட்டுப் பராமரிக்காவிட்டால் நகரத்துக்கு ஒழுங்காகத் தண்ணீர் வராது.

தண்ணீர் குடிக்க இவ்வளவு பெரிய மண்டபம் எதற்கு?

ஆரம்பத்தில் இங்கே வந்தவர்கள் குளிக்கத்தான் வந்தார்கள். மணிக்கணக்கில் வெந்நீரில் ஊறினார்கள். 18ஆம் நூற்றாண்டில் டேவிட் பெக்கர் என்ற மருத்துவர் இந்த முறையை மாற்றினார். ஊற்று அருகிலேயே தண்ணீரைக் குடியுங்கள், குடித்துக்கொண்டே நடங்கள் என்றார். குளியல், குடித்தல், நடை மூன்றும் சேர்ந்ததுதான் வைத்தியம் என்று ஆனது.

இங்கேதான் கட்டடக்கலை உள்ளே வருகிறது. காலையில் நூற்றுக்கணக்கானோர் கையில் கப்போடு நடக்க வேண்டும். மழை பெய்தால்? பனி கொட்டினால்? அதற்காகத்தான் தூண்கள் வைத்து, கூரை போட்ட நீளமான நடை மண்டபங்கள். 'கொலனேடு' என்பார்கள். 1871ல் தொடங்கி 1881ல் முடிந்த 'மில் கொலனேடு'வில் மட்டும் 124 தூண்கள். இதை வடிவமைத்த யோசெஃப் சீடெக்தான் ப்ராகின் தேசிய நாடக அரங்கையும் வடிவமைத்தவர். ப்ராகில் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், ஒரே கை என்பது புரியும்.

கப்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தட்டையான பீங்கான் கப், அதன் கைப்பிடியே உறிஞ்சு குழாய். சூடான தண்ணீரை மடமடவென்று குடிக்க முடியாது; கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சத்தான் முடியும். அவசரப்படுகிறவரை அந்தக் கப்பே நிதானமாக்கிவிடும். எந்த ஊற்றில், எவ்வளவு, எப்போது குடிக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். ஊற்றுக்கு ஊற்று சூடு வேறு, வாயுவின் அளவு வேறு.

மதியத்துக்கு மேல் என்ன செய்வது?

வைத்தியம் எல்லாம் பெரும்பாலும் காலையோடு முடிந்துவிடும். மூன்று வாரம் தங்க வந்த பணக்காரர், மிச்ச நேரத்தை எப்படிக் கழிப்பார்? இந்தக் கேள்விக்கான பதில்தான் ஸ்பா டவுனின் மறுபாதி. பாட்டுக் கச்சேரி, நாடகம், சூதாட்டம், காதல், அரசியல் எல்லாம் அந்த வெட்டி நேரத்தில் நடந்தவை.

பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். ரஷ்யாவின் ஜார் பேரரசர் பீட்டர், பீத்தோவன், கவிஞர் கதே எல்லோரும் கார்ல்ஸ்பாடுக்கு வந்தவர்கள். கதே பத்து தடவைக்கு மேல் வந்தார். 1819ல் இதே ஊரில் ஆஸ்திரியாவின் மெட்டர்னிக் தலைமையில் கூடிய அமைச்சர்கள், ஜெர்மன் நாடுகளில் பத்திரிகைகளுக்குத் தணிக்கை கொண்டுவரும் 'கார்ல்ஸ்பாட் ஆணைகளை' உருவாக்கினார்கள். சில பத்தாண்டுகள் கழித்து, 1874 முதல் 1876 வரை, கல்லீரல் கோளாறுக்கு இங்கே தண்ணீர் குடிக்க வந்தவர் கார்ல் மார்க்ஸ். போலீஸ் அவர்மேல் ஒரு கண் வைத்தபடியே இருந்தது.

மற்ற ஊர்களும் சளைத்தவை அல்ல. 1870ல் பாட் எம்ஸில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பிரஷ்ய மன்னரை பிரெஞ்சுத் தூதர் சந்தித்துப் பேசினார். அந்தச் சந்திப்பு பற்றிய தந்தியை பிஸ்மார்க் வெட்டிச் சுருக்கி வெளியிட, அது போரில் போய் முடிந்தது. பாடன்-பாடன் சூதாட்ட மேஜையில் பணத்தை விட்டவர் எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி. 1940ல் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்ஸ் அரசு விஷி நகரத்துக்குக் குடிபெயர்ந்ததற்கு ஒரு காரணம், அங்கே இருந்த ஏராளமான ஹோட்டல் அறைகள். அமைச்சகங்கள் எல்லாம் ஹோட்டலுக்குள் இயங்கின. தண்ணீருக்குப் பெயர்போன ஊரின் பெயர், நாஜிகளோடு ஒத்துழைத்த அரசின் பெயராகவும் வரலாற்றில் ஒட்டிக்கொண்டது.

இந்தியாவுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 1935ல் வியன்னாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுபாஷ் சந்திர போஸ், உடல் தேற கார்ல்ஸ்பாடுக்கு வந்து தங்கினார். 1937 டிசம்பரில் ஆஸ்திரியாவின் இன்னொரு ஊற்று நகரமான பாட்காஸ்டைனில் இருந்தபோதுதான், தன் முற்றுப்பெறாத சுயசரிதையை எழுதினார். காசநோயால் அவதிப்பட்ட கமலா நேரு சிகிச்சை பெற்ற பாடன்வைலரும் ஜெர்மனியின் ஊற்று நகரம்தான். 1935ல் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட நேரு நேராக அங்கேதான் போனார்.

இப்போதும் நோயாளிகள் வருகிறார்களா?

வருகிறார்கள். டூரிஸ்டுகள் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். செக் குடியரசில் குறிப்பிட்ட நோய்களுக்கு டாக்டர் பரிந்துரைத்தால், பொது மருத்துவக் காப்பீடே ஸ்பா சிகிச்சைக்குப் பணம் கொடுக்கிறது. அடிப்படைக் கணக்கு 21 நாள். பிரான்சிலும் 18 நாள் சிகிச்சைக்குக் காப்பீட்டு உதவி உண்டு. நீங்கள் போட்டோ எடுக்கும்போது பின்னால் கப்போடு மெதுவாக நடக்கும் அந்தப் பாட்டி, மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து உடம்பு தேற வந்தவராகவும் இருக்கலாம்.

சரி, அந்தத் தண்ணீர் உண்மையிலேயே நோயைக் குணப்படுத்துமா? எல்லா நோய்க்கும் மருந்து என்று பழைய விளம்பரங்கள் சொன்னதை அப்படியே நம்பத் தேவையில்லை. அதில் உள்ள உப்புகளுக்கு வயிற்றை இளக்கும் குணம் உண்டு என்பது மட்டும், ஆசைப்பட்டு நாலு கப் குடித்தவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். வெந்நீர்க் குளியல், பிசியோதெரபி, நடை, நேரத்துக்குச் சாப்பாடு, மூன்று வார ஓய்வு எல்லாம் சேர்ந்து வருவதால், பலனில் தண்ணீரின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்துச் சொல்வது கடினம்.

இந்தக் காப்பீட்டு நோயாளிகள்தான் ஊரின் முதுகெலும்பும்கூட. கார்லோவி வாரி பல காலமாக ரஷ்ய விருந்தினர்களை ரொம்பவே நம்பியிருந்தது. ஹோட்டல்கள், அடுக்குமாடி வீடுகள் எனப் பலவற்றை ரஷ்யர்கள் வாங்கியும் இருந்தார்கள். முதலில் கொரோனா. அது ஓயும் முன்பே, 2022ல் உக்ரைன் போர். ரஷ்யர்களுக்கு விசா கொடுப்பதைச் செக் அரசு நிறுத்தியது. ஒரே வகை விருந்தாளியை நம்பினால் என்ன ஆகும் என்பதை ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது. அதன் பிறகுதான் உள்நாட்டு நோயாளிகள், பக்கத்து ஜெர்மானியர்கள், ஒரு நாள் பயணிகள் என்று எல்லோரையும் கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று. இதில் ஒரு நாள் பயணி கூட்டத்தைக் கூட்டுவார். ஆனால் ஊருக்குள் குறைவாகத்தான் செலவழிப்பார்.

ஊற்றே நின்றுபோனால்?

விருந்தாளி போனால் வேறு விருந்தாளி வருவார். தண்ணீர் போனால்? இது கற்பனைக் கேள்வி இல்லை. நடந்திருக்கிறது.

கார்லோவி வாரிக்கு வடகிழக்கே 'டெப்லிட்சே' என்று இன்னொரு பழைய ஊற்று நகரம். ஒரு காலத்தில் பீத்தோவனும் கதேவும் சந்தித்துக்கொண்ட அளவுக்குப் பிரபலமான இடம். சில கிலோமீட்டர் தள்ளி நிலக்கரிச் சுரங்கங்கள். 1879 பிப்ரவரி 10 அன்று, டோலிங்கர் என்ற சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. பக்கத்துச் சுரங்கங்களிலும் வெள்ளம். இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில், டெப்லிட்சேயின் முதன்மை வெந்நீர் ஊற்று நின்றுபோனது.

நூற்றாண்டுகளாக ஓடிய ஊற்று. அதை நம்பித்தான் ஹோட்டல், அதை நம்பித்தான் ஊர். பிறகு தரையைத் தோண்டி, கீழே இறங்கிவிட்ட வெந்நீரைத் தேடிப் பிடித்தார்கள். தானாகப் பொங்கி வந்ததை மேலே இழுத்துக் கொண்டுவர வேண்டிய நிலை.

கார்லோவி வாரிக்குப் பக்கத்திலும் நிலக்கரி இருக்கிறது. சோகோலோவ் படுகை கூப்பிடு தூரம்தான். அதனால்தான் ஊற்றுகளைச் சுற்றிப் பாதுகாப்பு மண்டலங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அந்த எல்லைக்குள் சுரங்கம் வெட்டுவது, ஆழ்துளை போடுவது போன்ற வேலைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கட்டடத்தை இடித்தால் போட்டோவைப் பார்த்துத் திரும்பக் கட்டலாம். பாறைக்குள் தண்ணீர் வரும் பாதை மாறிவிட்டால், எந்த இன்ஜினீயராலும் அதைப் பழையபடி வரைய முடியாது.

பிரிட்டனின் பாத் நகரம் இன்னொரு வகைப் பாடம். ரோமானியர்கள் கட்டிய குளத்தில் சுமார் 46 டிகிரி வெந்நீர் இன்றும் நிரம்புகிறது. தினமும் 10 லட்சம் லிட்டருக்கு மேல். ஆனால் 1978ல், அந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி அமீபா தொற்றால் இறந்தார். ஊற்றுக் குளியல் மொத்தமாக நிறுத்தப்பட்டது. ஆழ்துளை மூலம் பாதுகாப்பான நீரை எடுத்து, 2006ல் புதிய குளியல் மையம் திறக்கும்வரை, 'பாத்' என்று பெயர் வைத்த ஊரில் யாராலும் ஊற்று நீரில் குளிக்க முடியவில்லை. ரோமானியக் குளத்தில் இன்றும் பார்க்க மட்டும்தான் அனுமதி.

போகலாம் என்று நினைப்பவர்களுக்கு...

ஒரு பெரிய நகரம் + ஒரு ஊற்று நகரம்: ப்ராக் என்றால் கார்லோவி வாரி. வியன்னா என்றால் பாடன். ஆபரா அரங்கின் அருகிலிருந்து டிராம் போன்ற 'பாட்னர் பான்' ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம்தான். லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து பாத் ஒன்றரை மணி நேரத்துக்குள். பாரிஸிலிருந்து விஷிக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம்.

இரண்டு இரவாவது தங்குங்கள்: ஒரு நாள் பயணிகள் வந்து சேர்வதற்கு முந்தைய காலையும், அவர்கள் கிளம்பிய பிறகு வரும் மாலையும்தான் இந்த ஊர்களின் உண்மையான நேரம். காலையில் கப்போடு நடப்பவர்களை அப்போதுதான் பார்க்கலாம். 2006ல் வந்த 'கேசினோ ராயல்' படத்தில் கேசினோவாக வந்த பழைய குளியல் மாளிகை, நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2023ல் திறக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் நேரம் ஒதுக்கலாம்.

தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஜூலை தொடக்கத்தில் கார்லோவி வாரி சர்வதேசத் திரைப்பட விழா. சினிமா ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். அமைதி தேடிப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

குடிப்பதில் நிதானம்: கொலனேடு குழாய்களில் தண்ணீர் பிடிக்கக் காசு கிடையாது. ருசி பார்க்க இரண்டு மூன்று மடக்கு போதும். சிறுநீரகம், இதயப் பிரச்னை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். அந்தத் தண்ணீரில் கை கழுவுவது, பாட்டில் அலசுவது வேண்டவே வேண்டாம். அது பக்கத்தில் நிற்பவரின் மருந்து.

உடை விஷயம்: பாடன்-பாடனில் 1877ல் திறந்த 'ஃப்ரீட்ரிக்ஸ்பாட்' குளியல் இல்லம், 17 கட்டக் குளியலுக்குப் பெயர்போனது. அங்கே பாரம்பரியமாக நீச்சல் உடைகூட இல்லாமல்தான் குளிப்பார்கள். கூச்சமாக இருந்தால், பக்கத்திலேயே உள்ள 'கரகல்லா' குளங்களில் நீச்சல் உடையோடு இறங்கலாம். எங்கே போனாலும் புக் பண்ணும் முன் விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

விசா: 11 ஊர்களில் 10 ஊர்கள் ஷெங்கன் நாடுகளில் இருக்கின்றன. ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடும் அவசியம். பாத் மட்டும் பிரிட்டனில் இருப்பதால், அதற்குத் தனி விசா. செக் குடியரசில் யூரோ கிடையாது, 'கொருனா' என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக...

பத்து நாள் லீவில் ஐந்து நாடு பார்த்துவிட்டு, 'வெகேஷன் முடிஞ்சு வந்ததுக்கு அப்புறம்தான் ரெஸ்ட் எடுக்கணும்' என்று புலம்புவது ஐ.டி. வட்டாரத்தில் சகஜம். இந்த ஊர்கள் அதற்கு நேர் எதிரான ஒரு யோசனையை இருநூறு, முந்நூறு வருடங்களுக்கு முன்பே செங்கல்லிலும் கல்லிலும் கட்டி வைத்திருக்கின்றன. உடம்பு தேற நேரம் ஆகும், அந்த நேரத்தை ஓர் ஊரே சேர்ந்து கொடுக்கலாம் என்பதுதான் அந்த யோசனை.

மூன்று வாரம் லீவு எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் ஐந்து ஊரை மூன்றாகக் குறைத்து, மிச்சமாகும் இரண்டு இரவை ஒரு ஊற்று நகரத்துக்குக் கொடுக்க முடியும். காலை ஏழு மணிக்கு, ஒரு கப்போடு, யாரோ எழுதிக் கொடுத்த அளவில் தண்ணீர் குடித்தபடி நடக்கும் மனிதர்களுக்கு நடுவே நடந்து பார்த்தால், 124 தூண்கள் எதற்கு என்று கைடு சொல்லாமலே புரிந்துவிடும்.